கால்வாய்க்கரை மூட்டை

"ஆள் சிக்கியாச்சுடீ!" மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிய ஷைலஜா, ஒரு கூரியர் கவரை உருவித் தூக்கிக் காட்டினாள். "குரியாக்கோஸ், கல்லுங்கல் வீடு. நம்ம மாஷ்!"

லிஸி வாயைப் பிளந்தாள். இருவரும் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பை வாங்கும் பச்சைக் கோட்டுக்காரிகள். மாஷ் பள்ளிக்கூடத்தில் இருவருக்குமே பாடம் எடுத்த வாத்தியார்.

"ஆனா சேச்சி, நாத்தமே இல்லையே. பால் கவரெல்லாம் கழுவிக் காயவெச்சு மடிச்சிருக்கு."

"திருடனுக்கும் சுத்தம் பிடிக்கும்டீ. நட!"

மூன்று மாதமாக வாராவாரம் இதே கால்வாய்க் கரையில் மூட்டை விழுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் வேறு இரண்டு பேரைப் போட்டுவிடுவேன் என்று பஞ்சாயத்து செக்ரட்டரி சொல்லிவிட்டார். இன்றைக்கு வெள்ளி. இந்த வேலையும் போனால் ஷைலஜா மறுபடி இறால் ஷெட்டில் நின்று ஓடு உரிக்க வேண்டியதுதான்.

போன் போட்டதும் செக்ரட்டரி அபராதப் புத்தகத்தோடு மாஷ் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பறந்து வந்தார். மாஷ் கப்பக்கிழங்கு தின்ற கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கு வந்தார்.

"ஏன் மாஷே, எங்களுக்குச் சுத்தம் சொல்லிக் குடுத்துட்டு நீங்களே கால்வாயில கொட்டலாமா?" ஷைலஜா கூரியர் கவரை அவர் முன்னால் ஆட்டினாள். "உங்களால தினம் நான் பேச்சு வாங்கறேன்!"

"நானா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மாஷே," செக்ரட்டரி பேனாவைத் திறந்தார். "விலாசம் யாரோடதோ, அபராதம் அவருக்கு. வேற பேச்சே இல்ல."

"எழுதுங்க, தாராளமா எழுதுங்க. அதுக்கு முன்னாடி இவளுங்க என் கேட்ல ஒட்டின அட்டையைப் பார்த்துடுங்க. குடுத்தேனா இல்லையான்னு அதுலயே தெரியுமே!"

ஷைலஜா வெடுக்கென்று கைபேசியை அந்த க்யூஆர் அட்டையில் காட்டினாள். மூட்டை கை மாறும்போதெல்லாம் அதில் பதிவாகும். தினம் எண்பது வீடு ஏறி இறங்குகிறவளுக்கு எந்த வீடு எப்போது என்று எங்கே ஞாபகம் இருக்கும்? திரையில் எழுத்து வந்தது. லிஸி எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"போன செவ்வாய்க்கிழமை. ஒரு மூட்டை. வாங்கியவர்... ஷைலஜா."

மாஷ் கையைக் கட்டிக்கொண்டார். செக்ரட்டரியின் முகம் சிவந்தது.

"ஓஹோ! வாங்கின மூட்டையை நீயே கரையில தள்ளிட்டு, ஊரையா குத்தம் சொல்றே? கோட்டைக் கழட்டும்மா! இப்பவே கழட்டு!"

 ஷைலஜா திரையை இன்னும் ஒரு வரி மேலே தள்ளினாள். படித்தாள். பிறகு கைபேசியை செக்ரட்டரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அன்னிக்கு சாயங்காலமே இதே மூட்டையைப் பஞ்சாயத்து வண்டியில ஏத்தி, வாங்கிக்கிட்டதா உங்க கையெழுத்தும் விழுந்திருக்கே, சார்! அப்புறம் கரைக்கு யார் கொண்டு வந்தது?"