நான்கு ஜிபி கல்யாணம்

குளித்துவிட்டு வாளியோடு வந்தவன் வராந்தாவில் நின்றுவிட்டான்.

எல்லா அறைகளிலும் நாதஸ்வரம்.

அவன் அக்காவின் கல்யாணம் விடுதியின் மூன்று மாடிகளிலும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஓர் அறையில் மாப்பிள்ளை அழைப்பு. எதிர் அறையில் நலங்கு. கோடி அறையில் அக்கா முகூர்த்தத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

டொரண்ட்டாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

படம் இறக்க அந்த விடுதியில் டொரண்ட், டிசி என்று இரண்டு மென்பொருள்கள். டொரண்ட்டில் ஒரு படம் இறங்கி முடிவதற்குள் கதாநாயகி அம்மா வேடத்துக்கு வந்துவிடுவாள். வெளி உலகத்திலிருந்து கல்லூரியின் ஒற்றைக் கம்பி வழியாக வர வேண்டும், பாவம். டிசி அப்படியில்லை. பக்கத்து அறைக் கணினியிலிருந்து நேரே எடுப்பது. கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் படம் வந்து நிற்கும். வாயைத் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டதாக மேல்மாடியில் ஒருவன் சொல்வான். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

டிசியில் சேர ஒரே நிபந்தனை. நம் பங்குக்கு நான்கு ஜிபி, மற்றவர்கள் எடுத்துக்கொள்ளத் திறந்து வைக்க வேண்டும்.

அவனிடம் இருந்தது அக்காவின் கல்யாண வீடியோ மட்டும். நான்கு ஜிபி தேறியது.

கல்யாண வீடியோ என்று போட்டால் சிரிப்பார்கள். எனவே அந்த வெள்ளிக்கிழமை வெளியான படத்தின் பெயரை வைத்தான்.

விடுதி மொத்தமும் அந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பக்கத்து அறை ஜெபஸ்டின் தலையை நீட்டினான்.

“மக்கா, முடிவச் சொல்லிராத. தாலி கெட்டுவானா, மாட்டானா?”

உள்ளே சிரிப்பு. அவனும் சிரித்துவைத்தான்.

பிறகு ஈரத் துண்டோடு அறைக்குள் ஓடினான். வீடியோவைப் பகிர்விலிருந்து எடுத்தான். வயரைப் பிடுங்கினான்.

பயனில்லை. எடுத்தவன் ஒவ்வொருவனும் இப்போது கொடுக்கிறவன்.

வீடியோவில் தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அது வரும்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குக் காப்பி ஆறிப்போய் வந்தது. அவர் எழுந்தார். அவரோடு மாப்பிள்ளை வீடே எழுந்தது. அப்பா பட்டு வேட்டியோடு அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வீடியோக்காரன் விளக்கைக் கிட்டே கொண்டுபோய் எடுத்திருந்தான். எழுந்திருங்கள் என்று சொல்லப் பெரியப்பா அவசரப்படவில்லை.

அப்பாவுக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான்.

அப்பா குனிந்ததும், மெல்ல நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டான். முழங்கை மட்டும் தெரியும்.

இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதுகொடுத்துக் கேட்டான்.

கோடி அறையில் சிரிப்பு நின்றது.

அதற்கடுத்த அறையில் நின்றது.

ஜெபஸ்டின் அறை கடைசி.

மதியம் மெஸ்ஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சாம்பாரைப் பற்றிக்கூட ஒருவனும் குறை சொல்லவில்லை. மெஸ் கட்டிய நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

திரும்பி வந்து வயரைச் செருகித் தேடினான்.

வீடியோ எல்லாரிடமும் இருந்தது. பெயரை மட்டும் யாரோ மாற்றியிருந்தார்கள்: அக்கா கல்யாணம்.

அளவு, அவனிடம் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. ஒருவனிடமும் பழைய அளவு இல்லை.

சொடுக்கினான். வந்துவிட்டது.

அப்பா நிமிர்ந்து நிற்கிறார். அடுத்த நொடி கெட்டிமேளம்.

இடையில் ஒன்றும் இல்லை. ஒட்டிய இடம்கூடத் தெரியவில்லை.

எவன் வெட்டினான் என்று அவன் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும்.

முழுதாக இருப்பது இனி அவனிடம் மட்டும்தான். அதையும் அழித்துவிட்டால் அப்பா யார் காலிலும் விழவில்லை.

அவனும் தூணுக்குப் பின்னால் நகரவில்லை.

அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, கரண்ட் போகுமா என்று பார்த்தான்.

போகவில்லை.