ஆபீஸ் நேரம்

"இது உன்னோடதுதான்னு நீயே கையெழுத்துப் போட்டுட்டா ஆச்சா?" என்று கேட்ட திருவேங்கடம், பதிலுக்குக் காத்திராமல் ஃபைலில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். குமாஸ்தா பென்சிலில் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் அவர் பேனா தானாகப் போய் நின்றது.

மும்பை செம்பூரில் இருந்த அந்தக் கம்பெனியின் சட்டப் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், அன்றைக்குக் குர்லாவில் ரயில் மாறி மாட்டுங்காவில் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

எதிரே நின்றாள் இசக்கிசெல்வி. தாராவிப் பெண், கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். ஒரு கடிதத்துக்காக இது நான்காவது நடை. முந்தின மூன்று தடவையும் வாசலோடு திருப்பி அனுப்பியாயிற்று.

"அம்மாவுக்குச் சக்கரையில கண்ணு போயிட்டு சார். போன் தமிழை வாசிச்சா பாதியை முழுங்குது. அதைச் சரி பண்ணித்தான் எழுதுனேன். உலகத்துல யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கிடலாம்."

"சும்மா குடுக்கறதுக்கு எதுக்கு இத்தனை காகிதம்?"

"நானே எழுதுனது, குடுக்க எனக்கு உரிமை இருக்குன்னு கையெழுத்து போட்டாத்தான், போன் வாசிக்கிற அந்தப் புரோகிராமை நடத்துதவங்க இதைச் சேப்பாங்க. போட்டுட்டேன். கம்பெனிக்கு இதுல பாத்தியதை இல்லன்னு உங்ககிட்ட ஒரு வரி கேக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலன்னா தள்ளிருவாங்க சார்."

அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு மேலிடத்தில் யார் பதில் சொல்வது? பெருமூச்சு விட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

"இங்க சேர்ந்து எத்தனை வருஷம்?"

"மொதமொதல்ல சேந்து ஆறு வருஷம் ஆச்சு சார்."

அவள் கழுத்தில் தொங்கிய அட்டை பளபளவென்றிருந்தது. "கார்டு புதுசா இருக்கே. பழசைத் தொலைச்சுட்டியா?"

"இல்ல சார். ஜூன்லதான் குடுத்தாங்க."

மேற்கொண்டு கேட்க அவருக்கு அலுப்பாக இருந்தது. அவள் கொடுத்த புரோகிராமைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பிரிவு தயாரித்திருந்த பட்டியலை எடுத்தார். அவள் எழுதிய ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியும் நேரமும் அதில் தானாகப் பதிவாகியிருந்தன.

"உன் புரோகிராமே சாட்சி சொல்றது பாரு. மார்ச் பத்து, திங்கள், பதினொண்ணரை மணி. ஏப்ரல் ரெண்டு, புதன், மூணு மணி. மே எட்டு, வியாழன், பன்னெண்டு மணி. ஒரு ஞாயித்துக்கிழமைகூட இல்லியே அம்மா."

"வீட்ல இருந்து எழுதுனது சார். அண்ணனோட பழைய லேப்டாப்புல."

"எங்க உக்காந்து எழுதினா என்ன? ஆபீஸ் நேரத்துல எழுதினது ஆபீஸோடது. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அதைத் தானம் பண்ண முடியுமா?"

இசக்கிசெல்வி கோபப்படவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாதவள் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப, எழுதுன நேரம் ஆபீஸ் நேரமா இல்லையாங்கதுதான் பேச்சு. அப்படித்தான சார்?"

"அவ்வளவுதான். இல்லைன்னு மட்டும் காட்டிடு, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, மேஜையில் விரித்து, அவர் பக்கம் நகர்த்தினாள். மேலே மார்ச் மூன்றாம் தேதி. அடியில் அவருடைய கையெழுத்து. பக்கத்தில் பென்சில் புள்ளி இன்னும் அழியாமல் இருந்தது.

"என் கையெழுத்துதான்," என்றார் திருவேங்கடம். "இது என்ன காகிதம்?"

"ஜூன்ல திரும்பக் கூப்புடுததுக்கு முந்தி, என்னைய வேலையை விட்டு நிப்பாட்டுன காயிதம் சார்."