ஊசிக்காரரின் கைராசி

"ஊசி இன்னும் உள்ளயே போகல. அதுக்குள்ள வலி அடங்கிடுச்சே! கணக்கு உதைக்குதே!"

ஆராய்ச்சி டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் தட்டிக் காட்டினார். திரையில் இருந்தது ஒரு மூளையின் படம். அது அவன் மனைவியின் மூளை.

ஸ்கேன் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த அவன் எட்டிப் பார்த்தான். அந்த மெஷினை வருஷக்கணக்காக ஓட்டுகிறவன் அவன். படுத்திருப்பது சொந்த மனைவி என்பதால் இன்று மட்டும் வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டார் டாக்டர்.

அக்குபங்சர் ஊசி குத்தும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று படம் பிடிக்கும் ஆராய்ச்சி அது. இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் நரம்பு வலிக்காரர்கள் தேவை என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் அவன் மனைவி. காலை நீட்டிப் படுத்தாலே அவளுக்கு உயிர் போகும்.

"இங்க பாருங்க. படுத்ததும் வலி தெரியுற இடமெல்லாம் சிவப்பா எரியுது. அப்புறம் கால்மாட்டுல எல்லாரும் தயாராகுற நேரம். அதுக்குள்ள பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. ஊசி போட்டதே அதுக்கப்புறம்தான்!"

அவனுக்கு வயிறு எரிந்தது.

ஊசிக்காரரை அவனுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. படிய வாரிய தலை, பக்கத்தில் வந்தாலே கமகமவென்று ஒரு வாசனை, குழைவான பேச்சு. போதாததற்கு, மெஷின் பெரிய காந்தம், இரும்பு ஊசி ஆகாது என்று தங்க ஊசி கொண்டு வந்திருந்தார். கட்டியவன் ஒரு தோடுகூட வாங்கித் தராதபோது எவனோ தங்கத்தோடு வந்து நிற்பதா?

அவளுடைய வலியைப் பற்றி ஊசிக்காரர் அரை மணி நேரம் கதை கேட்டார். "எவ்வளவு பொறுமை பாருங்க அவருக்கு!" என்று அன்று முழுக்க அவள் மாய்ந்து போனாள். வீட்டில் அவள் முனகினால் இவன் மாத்திரை டப்பாவைக் கைகாட்டிவிட்டு டிவி பார்ப்பவன். அதை மட்டும் யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது.

"எல்லாம் உங்க கைராசி போல," என்றார் டாக்டர் ஊசிக்காரரிடம், பாதி எரிச்சலாக.

"என் கைராசியா?" ஊசிக்காரர் இவனைப் பார்த்துச் சிரித்தார். "சாரைத்தான் கேக்கணும்."

என்ன திமிர்! அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலில் சாய்ந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவன் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"ஊசி வலிச்சுதா?"

"ஊசியா? அது எப்பப் போட்டாங்கன்னே தெரியல."

"அப்புறம் எதுக்கு இந்தச் சிரிப்பு?"

"சொன்னா கோவிச்சுப்பீங்க."

"நான் எதுக்குக் கோவிக்கப் போறேன்?" பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டான்.

"அந்தக் குழாய்க்குள்ள தலையை அசைக்கக் கூடாது, காதுல அடைப்பு, மெஷின் வேற டமடமன்னு இடிக்குது. கண்ணுக்கு நேரா வெள்ளையா ஒரு கூரை, அவ்வளவுதான். வலியும் பயமுமா செத்துடுவேன்னு நினைச்சேன். அப்ப ஒரு கை வந்து என் கணுக்காலைப் பிடிச்சது பாருங்க..."

அவன் முகம் கறுத்தது. "யாரு, அந்த ஆளா?"

"வேற யாரு? அவருதானே என் காலுக்கு வைத்தியம் பண்ண வந்தவரு. இறுக்கிப் பிடிச்சவரு கடைசிவரைக்கும் விடவே இல்லைங்க. கை நடுங்கிச்சு, பாவம். என் வலி அவருக்கே வலிக்கிற மாதிரி! அந்த நிமிஷமே வலி போன இடம் தெரியல." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க ஒரு நாளாவது என் காலைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா?"

சீறிவிழ வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"பார்த்தீங்களா, கோவிச்சுக்கிட்டீங்க! சரி, அடுத்த ஸ்கேனுக்கும் அவரே வந்து பிடிச்சுப்பாருல்ல?"

"பிடிச்சுப்பாரு," என்றான்.

ஊசி போடுமுன் கால் ஆடாமல் இருக்க ஊசிக்காரர் கையை நீட்டியதுமே, "நீங்க தொட வேணாம், நானே பிடிச்சுக்கறேன்!" என்று பாய்ந்து, ஆத்திரத்தில் கை நடுங்க நடுங்க, கடைசிவரை அந்தக் கணுக்காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அவன்தான்.