யன்னலோர மேசை

பாரிஸ், லாச்சப்பல் தோசைக்கடையின் யன்னலோர மேசையில் ‘முன்பதிவு’ அட்டை இருந்தது. அதனால் மமாதுவும், பிரசெல்ஸிலிருந்து வந்திருந்த அவருடைய நண்பர் பத்ரிஸும் உள்ளே, சமையலறையோரம் அமர்ந்தார்கள்.

“எங்கள் ஊரில் கறுப்பன் என்றாலே பொலிஸ் மறித்துப் பேப்பர் கேட்கும்,” என்றார் பத்ரிஸ்.

“இங்கேயும் அதேதான்,” என்றார் மமாது.

“எனக்கு நிறத்தைப் பார்த்து வீடே தரவில்லை,” என்று முதலாளி உதயசீலனும் பிரெஞ்சில் சேர்ந்துகொண்டார். “நாமெல்லாம் ஒரே ஆட்கள்.”

போகும்போது இருவரும் அவரைக் கட்டித் தழுவினார்கள்.

சமையல்காரர் கேதீஸ் யன்னல் பக்கம் பார்த்தார். “அண்ணை, புக் பண்ணின ஆக்கள் இன்னும் வரேல்லையே?”

உதயசீலன் அட்டையை எடுத்து, காசுமேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டார்.

“ஆர் புக் பண்ணினது? அதிலை கறுவலுகளை இருத்தினால், வேறை ஆக்கள் உள்ளுக்கு வருவினமே?”