வெளுக்காத நாற்காலி

“போடி மலை வெளுத்தாலும் வெளுக்கும், நம்ம வார்னிஷ் அடிச்ச மரம் வெளுக்காது. வெயிலு வரும், மேல உக்காந்து பாக்கும், எந்திரிச்சுப் போயிரும். அம்புட்டுத்தான்.”

போடி பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஞானசிகாமணி இதைச் சிரிக்காமல் சொன்னார். பெரிய வார்னிஷ் டின் ஒன்றின் மேல் கோணியை மடித்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார்.

எதிரே தவசி நின்றார். தேவாரத்திலிருந்து மதிய பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். கூடலூரில் கட்டிக்கொடுத்த மகள் பூமாரியின் வீட்டுக்கு அவர் செய்துகொடுத்த தேக்குக் கதவு மேற்கே பார்த்து நிற்கிறது. போன வருஷம் இதே கடை வார்னிஷைத்தான் அடித்தார். அது செதில் செதிலாக உரிந்து, கதவு சாம்பல் நிறமாகிவிட்டது.

“கதவு போனாப் போகுது, அண்ணாச்சி. தேக்குன்னு சொல்லி மாமரத்தத் தலையில கட்டிட்டாகன்னு சம்பந்தியம்மா வாரவுக போறவுககிட்டயெல்லாம் சொல்றாக. பிள்ள தெருவுல தல காட்ட மாட்டேங்குது.”

பூமாரியும் தன்னால் ஆனதைச் செய்துதான் பார்க்கிறாள் என்றார். வெயில் திரும்பியதும் கதவின் மேல் ஒரு பழைய சாக்கைத் தொங்கவிடுகிறாளாம்.

ஞானசிகாமணி துக்கம் விசாரிப்பவர் போலத் தலையை ஆட்டினார்.

“வெள்ளச் சட்டயப் போட்டு, மேல சாக்கப் போத்திக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவீகளா? விசுவாசம் இல்லாத வீட்டுல வார்னிஷ் ஒட்டாது, தவசி.”

பிறகு வாசலைக் காட்டினார். அங்கே முழு வெயிலில் ஒரு தேக்கு நாற்காலி, நேற்று இழைத்தது போல் தேன் நிறத்தில் மின்னியது.

“அறுபத்தெட்டுல கட தொறந்த அன்னைக்கி அங்கன போட்டது. மழையோ வெயிலோ, ஒரு நாளும் உள்ள எடுத்ததில்ல. உக்காந்து பாருங்க.”

தவசி உட்கார்ந்தார். இத்தனை வெயிலில் கிடந்த நாற்காலி அவ்வளவாகச் சுடவில்லை. அதுவும் வார்னிஷின் மகிமை என்றே எடுத்துக்கொண்டார். இன்னொரு டப்பா வாங்கிக்கொண்டார். நாளைக்கே கூடலூர் போய்த் தன் கையாலேயே அடித்துவிடுவதாகச் சொன்னார்.

“அப்ப, அந்தச் சாக்க எடுத்துறச் சொல்லவா, அண்ணாச்சி?”

“மொத வேலையா அதச் செய்யுங்க.”

தவசி ஓடிப்போய், வந்த பஸ்ஸிலேயே தொற்றிக்கொண்டார். பஸ் முக்குத் திரும்பி மறைந்தது.

ஞானசிகாமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டின் மேலிருந்த கோணியை உதறி விரித்து, வாசல் நாற்காலியின் கால்கள் வரை இழுத்துப் போர்த்தினார். தேவாரத்திலிருந்து அடுத்த பஸ் சாயங்காலம்தான் வரும்.