கோர்ட் கலையும் வரை

"இதெல்லாம் ஒரு தண்டனையா மேடம்?"

ஹரிராம் கேட்டே விட்டார். நீதிமன்றத்தில் அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டால், கேட்டவருக்கென்று சட்டத்தில் தனியாக ஒரு தண்டனை இருக்கிறது. நீதிபதி அம்மா காதில் விழாததுபோல அடுத்த வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்தார்.

வழக்கு சின்னதுதான். கோயிலுக்குப் போன ஹரிராமின் மனைவி பத்மாசினியை, வண்டியூர் தெப்பக்குளத்து முக்கில் சுடலையின் லோடு ஆட்டோ இடித்தது. காலில் தகடு வைத்தார்கள். இப்போது வாசற்படி இறங்கவே அவளுக்கு ஆள் வேண்டும். இரவில் வலியோடு விழித்துக்கொள்வாள். கூடவே ஹரிராமும். மாத்திரை, வெந்நீர், தலையணையை மாற்றி வைப்பது என்று விடிந்துவிடும்.

சுடலை குற்றத்தை ஒப்புக்கொண்டான். முதல் குற்றம். ஓடிப்போகாமல் அவனே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவன். அதனால் ஓர் அபராதம், கூடவே நீதிமன்றம் கலையும் வரை சிறை.

சிறை என்பது சட்டத்தின் கவிதை நயம். கோர்ட்டிலேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் நீதிபதி எழுந்து போனதும் வீட்டுக்குப் போகலாம்.

"உங்க அக்கா ஆயுசுக்கும் நொண்டணும். இவன் ஃபேன் காத்துல உக்காந்துட்டுப் போவானாம்" என்று வராந்தாவில் மைத்துனன் உமேஷிடம் பொருமினார் ஹரிராம். நீதிபதிகள் எல்லோரும் இப்படி இளகிப்போனால் ஊரில் எவனுக்குப் பயம் இருக்கும் என்று கேட்டார்.

"விடுங்க அத்தான். வடையும் காப்பியும் வாங்கிக் குடுக்கச் சொல்லலையேன்னு சந்தோஷப்படுங்க" என்று சொல்லிவிட்டு உமேஷ் கிளம்பினான்.

ஹரிராம் கிளம்பவில்லை. கொடுத்ததே கொசுறு. அதிலும் ஒரு நிமிஷம் குறைய விடக் கூடாது. உள்ளே போய் சுடலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

சுடலை தண்ணீர் குடிக்கப் போனான். பின்னாலேயே போனார். கழிப்பறைக்குப் போனான். வாசலில் நின்றார்.

மதிய இடைவேளைக்கு நீதிபதி எழுந்தபோது சுடலையும் பாதி எழுந்தான். ஹரிராம் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். சாப்பாட்டுக்கு எழுந்தால் அது கலைந்ததாகாது என்று, வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலி அழகுராஜாவிடம் வாதாடினார். சரியான வாதம்தான். அவர் தரப்புக்கு நின்ற அரசு வக்கீல்கூட அன்று காலை அவ்வளவு அழகாக வாதாடியிருக்கவில்லை.

"அண்ணே, எப்பத்தான் கலையும்?" என்று டவாலியிடம் கேட்டான் சுடலை. "சாயங்காலம் கப்பலூர்ல லோடு ஏத்தணும். செத்த லேட்டானாலும் வேற வண்டியக் கூப்பிட்ருவாக."

"ஜட்ஜம்மா எந்திரிச்சாத்தாம்ப்பா."

ஹரிராமுக்கு அன்று கிடைத்த முதல் சந்தோஷம் அது. ஜட்ஜம்மாவுக்கு இன்றைக்கு நிறைய வேலை இருக்கட்டும், இருட்டும் வரை உட்காரட்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டார்.

பிற்பகலில் நீதிமன்றம் மெல்ல மிதக்கத் தொடங்கியது. மின்விசிறி ஒரே சுருதியில் பாடியது. வாய்தா, வாய்தா என்று யாரோ தூரத்தில் தாலாட்டினார்கள். ஜன்னல் வழியே வேப்பமரத்தின் நிழல் அசைந்து அசைந்து உள்ளே வந்து, சாட்சிக் கூண்டில் ஏறி நின்று, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனது.

தெப்பக்குளம் தெரிந்தது. படி தெரியாமல் ததும்பும் தண்ணீர். நடு மண்டபத்திலிருந்து பத்மாசினி தண்ணீர் மேலேயே நடந்து வந்தாள். நொண்டவில்லை. கொலுசுகூட நனையவில்லை.

"நீங்க எழுந்திருக்காதீங்க. நானே வர்றேன்" என்றாள்.

பார்த்து வா என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் வந்துகொண்டே இருந்தாள்.

இப்படித் தூங்கி எத்தனை மாதமாயிற்று!

கண் விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரம் கறுத்திருந்தது. தூங்கிவிட்டோமே, பயல் நழுவியிருப்பானே என்று பதறித் திரும்பினார்.

சுடலை இருந்தான். இருந்த இடத்திலேயே, இருந்தபடியே இருந்தான்.

ஹரிராமுக்கு உயிர் வந்தது. அம்மன் கேட்ட வரத்தைக் கொடுத்துவிட்டாள். இருட்டியே விட்டது, லோடும் போயிருக்கும். சட்டையை நீவிக்கொண்டு, சற்று அதிகாரமாகவே டவாலியைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, கோர்ட் இன்னும் கலையலையா?"

பூட்டும் சாவியுமாக வாசலில் நின்றிருந்த அழகுராஜா, ஏனோ இன்னமும் குரலைத் தாழ்த்தியே பேசினார்.

"அது கலைஞ்சு ரொம்ப நேரமாச்சுண்ணே. ஜட்ஜம்மாகூடச் சத்தங் காட்டாமத்தான் எறங்கிப் போனாக. தோள்ல சாஞ்சு அம்புட்டு அசந்து தூங்குறாரு, லோடு போனாப் போகுது, எழுப்பிராதீகன்னு இவருதான் அசையாம உக்காந்திருக்காரு."