தட்டில் விழுந்த வெயில்

"கதவத் தொறலே, எங்க அக்காவ அடக்கம் பண்ணப் போறாவ..."

"துக்கம் உங்கள் இதயத்துக்கு ஆகாதும்மா," என்றது வீடு, சுவரிலிருந்த ஒலிபெருக்கி வழியே. "உங்கள் மகன்தான் பூட்டச் சொல்லி..."

"அவன் யாருலே சொல்ல? ஒரு பிடி மண்ணு நான் போடாண்டாமா?"

போனையும் வீடு முடக்கிவிட்டது. ஒருகாலத்தில் துறைமுகக் கோபுரத்திலிருந்து கப்பல்களுக்கு மோர்ஸ் குறியீட்டில் விளக்கடித்துச் செய்தி சொன்னவள் செலஸ்டீனா. சாப்பாட்டுத் தட்டை கடலைப் பார்த்த ஜன்னலின் வெயிலில் சாய்த்துச் சாய்த்து மின்னவைத்தாள்: காப்பாற்றுங்கள், கதவு பூட்டியிருக்கிறது.

"சாப்பிட்டாயிற்றே அம்மா. தட்டு எதற்கு?"

"ஈ ஓட்டுதேன்."

கடலில், கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் படகு சங்கு ஊதியது. குட்டையாக, நீளமாக, மறுபடியும் குட்டையாக. செய்தி கிடைத்தது என்று அர்த்தம். படகு கரைக்குத் திரும்பியது.

அவள் கறுப்புச் சேலை உடுத்தி, கதவுக்கு நேரே வந்து நின்றாள்.

"படகுக்காரனுவ கடப்பாரையோட வாரானுவ. நீயாத் தொறக்கியா, ஒடைக்கச் சொல்லவா?"